வளைந்ததா, தட்டையானதா? போட்டி பிஸ்டலுக்கு எந்த ட்ரிக்கர் சரியாக இருக்கும்? முழு விளக்கம்

ஆத்தூர் மளிகைக் கடையில் அரை கிலோ உப்பு பாக்கெட் ஒன்றை வாங்கி, ஒரு நூலில் கட்டி, ஆள்காட்டி விரலின் நுனியில் தொங்கவிட்டுப் பாருங்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் ட்ரிக்கருக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச எடை அதுதான். 500 கிராம். அதற்குக் குறைந்தால் போட்டியிலிருந்தே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

கேட்கும்போது இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் கையை நீட்டி, ஒற்றைக் கையில் ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் எடையுள்ள துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, அது கொஞ்சமும் ஆடாமல் அந்த அரை கிலோவை ஒரே விரலால் பின்னால் இழுக்க வேண்டும். அதுவும் ஒரு முறை அல்ல, 60 முறை. அந்த விரல் தொடும் ஒரே இடம் ட்ரிக்கரின் முன்பக்கத் தகடு. அதன் வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் வீரர்கள் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்ற பிறகும், நடிகர் அஜித் குமார் 2021இல் சென்னையிலும் 2022இல் திருச்சியிலும் நடந்த மாநிலப் போட்டிகளில் பதக்கங்கள் வென்ற பிறகும், தமிழ்நாட்டில் சின்ன ஊர்களில்கூட இந்த விளையாட்டைப் பற்றி விசாரிப்பவர்கள் உண்டு. புதிதாக வருபவர்கள் சீக்கிரமே சந்திக்கும் கேள்வி இது: கம்பெனி கொடுத்த ட்ரிக்கரே போதுமா, இல்லை வெளியில் தனியாக வாங்கி மாற்ற வேண்டுமா? மாற்றினால் எந்த வடிவம்?

இதோ விவரம்.

ஒரு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும்?

ஏர் பிஸ்டலில் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே தோராயமாக 33 சென்டிமீட்டர் தூரம் இருக்கும். இலக்கு 10 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதாவது கிட்டத்தட்ட 30 மடங்கு. ட்ரிக்கரை இழுக்கும்போது விரல் துப்பாக்கியைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளி, முன் குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகிவிட்டால், குண்டு இலக்கில் 30 மில்லிமீட்டர் தள்ளிப் போய் விழும்.

இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் மொத்த அகலமே 11.5 மில்லிமீட்டர்தான். நடுவில் விழ வேண்டிய குண்டு 30 மில்லிமீட்டர் விலகினால் கிடைப்பது 7 புள்ளி. கண் சரியாகப் பார்த்தது, கை சரியாகப் பிடித்தது, மூச்சும் சரி. ஆனால் விரல் ஒரு மில்லிமீட்டர் ஏமாற்றிவிட்டது. மூன்று புள்ளி போச்சு.

பொதுவாகப் பயிற்சியாளர்கள் சொல்லும் கணக்கு இது: வலது கைக்காரர் விரல் நுனியை மட்டும் வைத்து இழுத்தால் துப்பாக்கி இடது பக்கம் தள்ளப்படும். விரலை அதிகமாக உள்ளே நுழைத்து, முதல் மூட்டு வரை வைத்து இழுத்தால் வலது பக்கம் இழுபடும். இரண்டுக்கும் நடுவில், நுனிக்கும் முதல் மூட்டுக்கும் இடைப்பட்ட சதைப்பகுதியின் மையத்தில் ட்ரிக்கர் பட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பட வேண்டும். ட்ரிக்கர் வடிவத்தின் வேலையே இதற்கு உதவுவதுதான். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

என்னென்ன வடிவங்கள் இருக்கின்றன?

கடையில் பல பெயர்களில் விற்றாலும், அடிப்படையில் மூன்று விஷயங்கள்தான் மாறும். தகடு வளைந்ததா தட்டையா, அகலமா ஒல்லியா, மேற்பரப்பு வழவழப்பா வரி போட்டதா.

வளைந்த தகடு: பிறை மாதிரி உள்பக்கம் குழிந்திருக்கும். விரல் தானாகவே அந்தக் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே கீழே நகராது. ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் விரல் படும் என்பது இதன் பலம். ஆனால் அந்த உயரம் கம்பெனி முடிவு செய்த உயரம். உங்கள் விரல் இயல்பாக அதற்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ வந்தால், வளைவு அதைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கும். அந்த இழுபறி மணிக்கட்டு வரைக்கும் போகும். தடித்த விரல்காரர்களுக்கு வளைவின் முனை சதையில் குத்துவதும் உண்டு.

தட்டையான தகடு: விரல் எந்த உயரத்தில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். விசை நேராகப் பின்னோக்கிப் போவதை உணர்வது இதில் சுலபம் என்பார்கள். குறை என்னவென்றால், இது எதையும் சொல்லித் தராது. விரலை எங்கே வைப்பது என்பதை வீரரே ஒவ்வொரு முறையும் கண்டுபிடிக்க வேண்டும். பழக்கம் இல்லாதவருக்கு முதல் குண்டு ஒரு இடத்திலும் ஐந்தாவது குண்டு வேறு இடத்திலும் விரல் படும்.

அகலமான தகடு: அதே 500 கிராம் எடைதான். ஆனால் அது சதையில் அதிகப் பரப்பில் பரவுவதால், விரலுக்கு எடை குறைந்த மாதிரி தெரியும். தலையில் சும்மாடு வைத்துக் குடம் தூக்கினால் பாரம் குறைந்த மாதிரி இருக்குமே, அதே கதைதான். பாரம் குறையவில்லை. அது பரவியிருக்கிறது. இதில் உள்ள ஆபத்து, தகட்டின் ஓரத்தில் விரல் பட்டாலும் உங்களுக்குத் தெரியாது. ஓரத்தில் அழுத்தினால் ட்ரிக்கர் திருகிக்கொள்ளப் பார்க்கும், துப்பாக்கியும் கூடவே திரும்பும்.

ஒல்லியான தகடு: விரலில் எங்கே படுகிறது என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிடும். இடம் தவறினால் உடனே தெரியும். ஆனால் எடை அதிகமாக இருப்பது போலத் தோன்றும். 60 குண்டு முடிவதற்குள் விரல் மரத்துப்போகவும் வாய்ப்புண்டு.

அடிபம்பு கணக்கு: பலர் கோட்டை விடும் இடம்

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. பெரும்பாலான போட்டி பிஸ்டல்களில் ட்ரிக்கர் மேலே ஒரு அச்சில் மாட்டப்பட்டிருக்கும். இழுத்தால் கதவு மாதிரி அந்த அச்சைச் சுற்றித் திரும்பும்.

தெருமுனை அடிபம்பை நினைத்துப் பாருங்கள். கைப்பிடியின் நுனியைப் பிடித்து அடித்தால் சின்னப் பிள்ளையும் தண்ணீர் அடித்துவிடும். அச்சுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்தால் பெரியவருக்கே மூச்சு வாங்கும். ட்ரிக்கரும் அப்படித்தான்.

ஒரு உதாரணக் கணக்கு. அச்சிலிருந்து 20 மில்லிமீட்டர் தூரத்தில் ட்ரிக்கர் எடை 500 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதே ட்ரிக்கரை 25 மில்லிமீட்டர் தூரத்தில், அதாவது கொஞ்சம் கீழே இழுத்தால், 400 கிராம் போதும். 16 மில்லிமீட்டர் தூரத்தில், மேலே இழுத்தால், 625 கிராம் தேவைப்படும். துப்பாக்கியில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. விரலின் உயரம் மட்டும்தான் மாறியது.

தட்டையான தகட்டில் விரல் ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் பட்டால், ஒவ்வொரு குண்டுக்கும் ட்ரிக்கர் எடை வேறு வேறாக இருக்கும். 'இன்னும் கொஞ்சம் இழுக்கணும்' என்று மூளை நினைத்துக்கொண்டிருக்கும்போதே குண்டு போய்விடும். வளைந்த தகட்டை ஏன் இன்னும் பலர் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம்.

எல்லாத் துப்பாக்கியும் இப்படி இல்லை. அமெரிக்காவின் ஜான் பிரவுனிங் வடிவமைத்த புகழ்பெற்ற 1911 மாடல் பிஸ்டலில் ட்ரிக்கர் அச்சில் திரும்பாது, மேஜை டிராயர் மாதிரி நேராகப் பின்னால் நகரும். அதில் விரலை மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் எடையில் இந்த வித்தியாசம் வராது. ஓடிக்கொண்டே சுடும் ஐபிஎஸ்சி போன்ற வெளிநாட்டுப் போட்டிகளில் தட்டையான ட்ரிக்கர்கள் பிரபலம்தான். ஆனால் அங்கே பயன்படும் துப்பாக்கி வேறு, பிடிக்கும் விதம் வேறு. இரண்டு கையாலும் பிடிப்பார்கள். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஏர் பிஸ்டலுக்கும் அதே வடிவம் வேண்டும் என்று முடிவு செய்வது சரியாக வராது.

தகட்டை மாற்றினால் தகுதி நீக்கம் ஆகுமா?

மாற்றுவது தவறில்லை. மாற்றிய பிறகு எடையைப் பார்க்காமல் போட்டிக்குப் போவதுதான் தவறு.

சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி, 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தபட்ச ட்ரிக்கர் எடை 500 கிராம். 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளுக்கு 1000 கிராம், அதாவது ஒரு கிலோ உப்பு பாக்கெட். சோதிக்கும் முறை எளிமையானது. குழல் மேல்நோக்கி நிற்கும்படி துப்பாக்கியைச் செங்குத்தாகப் பிடிப்பார்கள். சோதனை எடையை ட்ரிக்கரின் நடுப்பகுதியில் மாட்டித் தூக்குவார்கள். ட்ரிக்கர் விடுபடாமல் எடை மேலே வர வேண்டும். அதிகபட்சம் மூன்று முயற்சி.

போட்டிக்கு முன்னால் மட்டும் இல்லை, போட்டி முடிந்த உடனேயும் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்வு செய்து சோதிப்பார்கள். அதில் தோற்றால் தகுதி நீக்கம். அவ்வளவு நேரம் சுட்ட புள்ளி எல்லாம் காணாமல் போய்விடும்.

இப்போது அடிபம்பு கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். பழைய தகட்டின் நடுப்பகுதி அச்சிலிருந்து 20 மில்லிமீட்டரில் இருந்தது, எடை 510 கிராம். சோதனையில் பாஸ். புதிதாக வாங்கிய தகடு கொஞ்சம் நீளம், அதன் நடுப்பகுதி 22 மில்லிமீட்டரில் வருகிறது. உள்ளே ஸ்பிரிங் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சோதனை எடையைப் பொறுத்தவரை ட்ரிக்கர் இப்போது தாங்குவது 464 கிராம்தான். ஃபெயில்.

'நான் எடைத் திருகைத் தொடவே இல்லை' என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நடுவருக்கு அது கணக்கில்லை. தகடு மாறினால் எடையும் மாறும். அதனால் தகட்டை மாற்றிய அன்றே சோதனை எடையை மாட்டிப் பார்த்து, ஸ்பிரிங்கைச் சரி செய்ய வேண்டும். சரியாக 500இல் நிறுத்தாமல் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

எந்தப் போட்டிக்கு எந்த வடிவம்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் போட்டியின் தன்மை வழி காட்டும்.

10 மீட்டர் ஏர் பிஸ்டலில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடம். நிதானமாகச் சுடலாம். பிடிக்கவில்லை என்றால் கையை இறக்கிவிட்டு மறுபடி தூக்கலாம். இதில் விரல் தன் இடத்தைத் தேடி உட்காருவதற்கு நேரம் இருக்கிறது. அதனால் ஒல்லியான தகடு, தட்டையான தகடு எல்லாமே பரிசீலிக்கக்கூடியவை.

25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் கதையே வேறு. ஐந்து இலக்குகளுக்கு ஐந்து குண்டு. முதலில் 8 வினாடி, பிறகு 6, கடைசியில் 4 வினாடி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் விஜய் குமார் வெள்ளி வென்றது இந்தப் போட்டியில்தான். 4 வினாடியில் விரலுக்கு இடம் தேட நேரம் கிடையாது. விரல் ட்ரிக்கரை விட்டு விலகவும் கூடாது. இங்கே விரலைத் தானாக நிறுத்தி வைக்கும் வளைவும், ஒரு கிலோ எடையை லேசாக உணர வைக்கும் அகலமும் கைகொடுக்கும்.

பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டலில் இரண்டும் கலந்து வரும். முதல் 30 குண்டு நிதானச் சுற்று. அடுத்த 30 குண்டு வேகச் சுற்று, இலக்கு 3 வினாடி தெரியும், 7 வினாடி மறையும். பாரிஸில் மனு பாக்கர் நான்காம் இடம் பிடித்த போட்டி இது. இரண்டு சுற்றுக்கும் ஒரே துப்பாக்கி, ஒரே ட்ரிக்கர். அதனால் எதையும் தீவிரமாக ஒரு பக்கம் சாய்க்காத நடுத்தர வடிவமே இதற்கு ஏற்றது.

ட்ரிக்கரை மாற்றும் முன் பார்க்க வேண்டியது என்ன?

பாரிஸில் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியோடு வெள்ளி வென்று உலகமெங்கும் வைரலான துருக்கியின் யூசுஃப் டிகெச்சை நினைவிருக்கும். 'உபகரணமே இல்லாமல் ஜெயித்தார்' என்று பலர் மீம் போட்டார்கள். கண்ணில் தனி லென்ஸ், மறைப்பு எதுவும் இல்லை என்பது உண்மை. ஆனால் அவர் கையில் இருந்தது போட்டிக்கென்றே தயாரான ஏர் பிஸ்டல்தான், கைக்கேற்ற பிடியோடு.

அந்தப் பிடிதான் முதலில் கவனிக்க வேண்டியது. மரப்பிடி கைக்குள் சரியாக உட்காரவில்லை என்றால், விரல் ட்ரிக்கரில் படும் இடமும் கோணமும் ஒவ்வொரு முறையும் மாறும். அந்த நிலையில் எந்த வடிவத் தகட்டை வாங்கினாலும் பயனில்லை. பலர் ட்ரிக்கரில் கோளாறு என்று நினைப்பது உண்மையில் பிடியின் கோளாறு.

அடுத்தது தூரம். நல்ல போட்டி பிஸ்டல்களில் தகட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம், இடவலமாகத் திருப்பலாம். சின்னக் கை உள்ள 13 வயதுப் பிள்ளைக்கும் பெரிய கை உள்ளவருக்கும் ஒரே நிலை சரியாக வராது. காசு செலவே இல்லாத வேலை இது. முதலில் இதைச் செய்து பார்க்காமல் புதுத் தகடு வாங்குவது, செருப்பு வாரைச் சரி செய்யாமல் புதுச் செருப்பு வாங்குவது மாதிரி.

வரிசை இதுதான்: முதலில் பிடி, பிறகு தூரம், பிறகு கோணம், கடைசியில்தான் வடிவம்.

வடிவத்தை எப்படிச் சோதிப்பது?

முதல் சோதனைக்குக் குண்டே வேண்டாம். பயிற்சி மையத்தில், துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, பயிற்சியாளர் முன்னிலையில், வெறும் வெள்ளைச் சுவரை நோக்கிக் குறி பார்த்து ட்ரிக்கரை மட்டும் இழுக்க வேண்டும். போட்டி ஏர் பிஸ்டல்களில் இதற்கென்றே காற்று வெளியேறாத 'டிரை ஃபயர்' வசதி இருக்கும். சுவரில் இலக்கு இல்லாததால் கண் முன் குறியில் மட்டும் நிற்கும். ட்ரிக்கர் விடுபடும் நொடியில் முன் குறி எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஒரே நாளில், ஒரே குண்டு ரகத்தில், ஒவ்வொரு வடிவத்துக்கும் குறைந்தது பத்துப் பத்தாகச் சில சுற்றுகள் சுட்டு, குண்டு விழுந்த பரப்பை ஒப்பிட வேண்டும். மொத்தப் புள்ளியைவிட, குண்டுகள் பக்கவாட்டில் எவ்வளவு சிதறுகின்றன என்பதைப் பார்ப்பது முக்கியம். பக்கவாட்டுச் சிதறல் குறைந்தால் விரல் நேராக இழுக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். தகட்டையும் எடையையும் கோணத்தையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், முன்னேற்றம் எதனால் வந்தது, சரிவு எதனால் வந்தது என்று தெரியாது.

நான்காவது, போட்டி நெருங்கும்போது எதையும் மாற்றக் கூடாது. புது வடிவத்துக்கு விரல் பழக வாரக்கணக்கில் ஆகும். முதல் நாள் நன்றாகச் சுட்டது புதுமையின் உற்சாகமாகக்கூட இருக்கலாம்.

தகட்டைப் பிடித்திருக்கும் சின்னத் திருகையும் மறக்கக் கூடாது. அது தளர்ந்தால் தகடு நகரும், எடையும் மாறும். சரியான நிலையில் ஒரு மெல்லிய கோடு போட்டு வைத்தால், நகர்ந்திருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

டோக்கியோ சொன்ன பாடம்

2021 ஜூலை 25. டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று. நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த மனு பாக்கரின் துப்பாக்கி நடுவிலேயே பழுதானது. அதைச் சரி செய்வதற்குள் பொன்னான நிமிடங்கள் கரைந்தன. மீதிக் குண்டுகளை அவசரத்தில் சுட வேண்டியதாகிவிட்டது. 575 புள்ளிகளோடு 12ஆம் இடம். இறுதிச் சுற்றுக்குள் நுழைய முடியவில்லை. மூன்று ஆண்டு கழித்து, 2024 ஜூலை 28 அன்று, பாரிஸில் அதே போட்டியில் 221.7 புள்ளிகளோடு வெண்கலம் வென்றார்.

அங்கே பழுதானது ட்ரிக்கர் தகடு அல்ல. ஆனால் உதிரிபாகம் வாங்கும் எவருக்கும் அந்த நாள் ஒரு விஷயத்தைச் சொல்கிறது. துப்பாக்கியில் நம்பகம்தான் முதல் தகுதி. அரைப் புள்ளி கூடும் என்று ஆசைப்பட்டு, சரியாகப் பொருந்தாத ஒரு பாகத்தை மாட்டி, போட்டி நடுவில் அது கழன்றால் நான்கு ஆண்டு உழைப்பு போய்விடும். அந்தந்தத் துப்பாக்கி நிறுவனமே தரும் மாற்றுத் தகடுகள் இருந்தால், அவற்றை முதலில் பார்ப்பதுதான் நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுத விதிகள் 2016இன்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத குழல் விட்டமும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. 10 மீட்டர் போட்டி பிஸ்டல்கள் இந்த வரம்புக்குள்தான் வரும்.

ஆனால் 25 மீட்டர் போட்டியில் பயன்படும் .22 பிஸ்டல் உரிமம் தேவைப்படும் ஆயுதம். ஆயுதச் சட்டம் 1959, 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களையும் சேர்த்தே வரையறுக்கிறது. ஆயுதங்களைப் பழுது பார்ப்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். அதனால் ஆன்லைனில் பார்த்த பாகத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது, பக்கத்து லேத் பட்டறையில் கொடுத்துத் தேய்த்து வாங்குவது எல்லாம் சிக்கலில் கொண்டுபோய் விடும். உரிமம் பெற்ற விற்பனையாளர், பழுது பார்ப்பவர், அல்லது சார்ந்திருக்கும் கிளப் வழியாகத்தான் போக வேண்டும்.

புதிதாக வருபவர்கள் என்ன செய்யலாம்?

ஆத்தூரில் இருந்தோ, தூத்துக்குடி மாவட்டத்தின் வேறு ஊரில் இருந்தோ இந்த விளையாட்டுக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு முதல் செலவு பயணச் செலவுதான். அந்தப் பிள்ளையின் வீட்டில் ஒரு துப்பாக்கி வாங்குவதே பெரிய முடிவு. அதன் மேல் உதிரிபாகத்துக்கும் கடன் வாங்குவது வேண்டாம்.

ரைபிள் கிளப்களில் பயிற்சித் துப்பாக்கிகள் கிடைக்கும். முதல் சில மாதங்கள் அதிலேயே சுட்டு, விரல் இயல்பாக எங்கே வந்து உட்காருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். கிளப்பில் மற்றவர்கள் வைத்திருக்கும் வெவ்வேறு வடிவங்களை அனுமதி கேட்டுத் தொட்டுப் பார்க்கலாம். விரல் ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் வரவில்லை என்றால் வளைந்த தகடு. உயரம் சரியாக வருகிறது, ஆனால் வளைவு இடிக்கிறது என்றால் தட்டை. விரல் ஓரத்தில் படுவது தெரியாமலே போகிறது என்றால் ஒல்லி. எடை உறுத்துகிறது என்றால் அகலம்.

எதுவும் உறுத்தவில்லை, முன் குறியும் ஆடவில்லை என்றால்? கம்பெனி கொடுத்த ட்ரிக்கரே போதும். மிச்சமாகும் பணத்தில் இன்னும் சில டப்பா குண்டு வாங்கி, கூடுதலாகப் பயிற்சி செய்யலாம்.